மத்தி வந்த காலையில் பிரஷர் பார்த்தவன்

மீனவ ஊருக்குப் புயலால் ஆபத்து என்றால் கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிடுவார்கள். மேல்படிப்பு படிக்கும் உள்ளூர்ப் பையனால் ஆபத்து என்றால் அதற்குக் கூண்டு கிடையாது. இருந்திருந்தால், என் பெயரில் ஒரு காலைப்பொழுது மூன்றாம் எண்ணாவது ஏற்றியிருக்க வேண்டும். ஒரு ஊரையே கரையில் உட்காரவைத்து, வந்த மீனைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவைத்தவன் நான். புயல்கூட இரண்டு ஊரையும் ஒன்றாகத்தான் அடிக்கும்.

எங்கள் ஊர் கடலூருக்குத் தெற்கே. அப்பா ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா மீன்கூடையோடு பஸ் ஏறிக் கடலூரில் விற்றுவிட்டு, மிஞ்சுவதைக் கருவாடாக்கி அதையும் விற்பவர். நான் படித்தேன். படிப்பில் ஆசை இருந்தது உண்மைதான். போட்டில் ஏறினால் வாந்தி வந்தது அதைவிடப் பெரிய உண்மை. (கடல்காரன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது கல்யாணப் பேச்சில் மறைக்கவேண்டிய விஷயம். நாங்களும் மறைத்தோம்.)

சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் மக்கள் நலவாழ்வு என்ற முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்தது. எங்கள் தெருவில் முதுகலைக்குப் போன முதல் ஆள் நான்தான். படிப்பை விளக்கச் சொன்னால் இப்படிச் சொல்வேன்: காலையில் கொசு, மதியம் சாதி, சாயங்காலம் அரசாணை. அதாவது நோய் எப்படி வருகிறது என்பது காலை வகுப்பு. இந்தத் தெருவுக்கு வந்த நோய் அந்தத் தெருவுக்கு ஏன் போகவில்லை என்பது மதிய வகுப்பு. இதற்கெல்லாம் அரசாங்கம் என்ன செய்யலாம் என்பது சாயங்கால வகுப்பு. மூன்றும் சேர்ந்தால்தான் ஆரோக்கியம் என்பார்கள். நான் மூன்றிலும் முன்வரிசையில் உட்காருவேன்.

அம்மா பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்களிடம், புள்ள டாக்டருக்குப் படிக்குது என்று சொல்லிவிட்டார். நான் பொறுமையாகத் திருத்தினேன்.

"டாக்டர் ஒரு ஆளுக்குத்தான் வைத்தியம் பாப்பாரும்மா. நாங்க ஊருக்கே பாப்போம்."

அம்மா யோசித்தார். மறுநாள் முதல் பஸ்ஸில், புள்ள பெரிய டாக்டருக்குப் படிக்குது என்று சொல்ல ஆரம்பித்தார். திருத்துவதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

கடைசிப் பருவத்தில் ஆய்வேடு. மீனவர்களுக்கு ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்பது என் தலைப்பு. வழிகாட்டி ஹேமலதா மேடம், "உங்க ஊர்தானே, ரெண்டு வாரத்துல முடிச்சிடுவே" என்று துறையின் பிரஷர் மிஷினைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். மூன்று வாரம் வீடு வீடாக நடந்தேன். ஆண்கள் விடிவதற்கு வெகு முன்னால் கடலுக்குப் போய்விடுவார்கள். வந்ததும் ஏலம். ஏலம் முடிந்தால் தூக்கம். எழுப்பினால் என் பிரஷர்தான் ஏறும்படி எதையாவது சொல்வார்கள். மூன்று வாரத்தில் பதினோரு பேர் தேறினார்கள். அதில் ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து விருந்துக்கு வந்தவர்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாட்களை எங்கள் வீட்டில் யாரும் விரும்புவதில்லை.

ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் அம்மாவின் அண்ணன். கலியபெருமாள் மாமா. அவரிடம் போய், எழுதி வைத்திருந்த பெயர்ப் பட்டியலை நீட்டினேன். ஊர்க் குடும்பங்களைக் குலுக்கிப் போட்டு எடுத்த நூற்றைம்பது பெயர்கள். இப்படிக் குலுக்கி எடுத்தால்தான் விஞ்ஞானம் என்று விளக்கினேன். மாமா பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இவனுக்குப் பாத்து அவன் தம்பிக்குப் பாக்கலன்னா, சாயங்காலமே என் வூட்டு வாசல்ல வந்து நிப்பான் மாப்ள. ஊர்னா ஊருக்கே பாரு. தலைக்கட்டுக்கு ஒருத்தர்."

தலைக்கட்டு என்றால் எங்கள் ஊர்க் கணக்கில் கல்யாணமான ஓர் ஆண். வரி, திருவிழாப் பங்கு, நிவாரணம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். எனக்கு வாயெல்லாம் பல். குலுக்கிப் போட்டு நூற்றைம்பது கேட்டவனுக்கு ஊரே கிடைக்கிறது. எப்போது, எப்படி என்று மாமா கேட்டார். புத்தகத்தில் படித்ததை மைக்கில் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். கோயில் மைக்கை என் கையில் கொடுத்தார்.

நான் அறிவித்தது இதுதான்: வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏலக் கூடத்தில் எல்லாருக்கும் பிரஷர் பார்க்கப்படும். டீ குடிக்கக் கூடாது. பீடி கூடாது. (அரை மணி நேரம் தவிர்த்தால் போதும் என்றுதான் புத்தகத்தில் இருந்தது. பாதுகாப்புக்காக அதை 'எழுந்ததிலிருந்து' என்று நீட்டினேன்.) வந்தவர்கள் வரிசை வரும்வரை அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் மைக்கைக் கீழே வைத்ததும் மாமா அதை வாங்கி ஒரே ஒரு வரி சேர்த்தார். வெள்ளிக்கிழமை ஊர்க் கட்டுப்பாடு, யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது.

எங்கள் ஊரில் பிறந்த ஆறு வயதுக் குழந்தைக்கும் அந்த வரியின் அர்த்தம் தெரியும். ஊர்க் காரியம் என்று பஞ்சாயத்து சொல்லிவிட்டால் ஒரு போட்டும் நகராது. ஆறு மணிக்கு ஆட்களைக் கேட்டால் கடலை மூடித்தான் தரமுடியும் என்பது மாமாவுக்குப் புரிந்தது. முதுகலைக்குப் புரியவில்லை. நான் எத்தனை படிவம் நகல் எடுக்கவேண்டும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை. உதவிக்கு வகுப்புத் தோழன் யூசுப் நெல்லிக்குப்பத்திலிருந்து இருட்டோடு பைக்கில் வந்துவிட்டான். ஏலக் கூடத்தில் கல்யாண நாற்காலிகளை நானே போட்டேன். பிரஷர் பார்க்கும்போது மனம் அமைதியாக இருக்கவேண்டும் என்பது பாடம். ஆகவே காற்று முகத்தில் படும்படி எல்லா நாற்காலிகளையும் கடலைப் பார்த்துப் போட்டேன்.

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது தெரியுமா.

ஊர் வந்து உட்கார்ந்தது. மூன்றாவது நாற்காலியில் அப்பா. டீ இல்லை, பீடி இல்லை, பேச்சில்லை. ஆறேகாலுக்குக் கரைக்குப் பக்கத்திலேயே தண்ணீர் ஒரு திட்டாகக் கறுத்தது. மேலே பறவைகள் கூடின. ஒவ்வொன்றாகக் குத்திட்டு விழுந்து எழுந்தன. நீந்திப் போய் அள்ளும் தூரத்தில் மத்தி. அந்த வருஷம் முழுக்க வராத மத்தி. நாற்காலிகளில் ஒரு அசைவு ஓடியது.

நான் தலையை நிமிர்த்தாமல், "கால் மேல கால் போடாதீங்க, சாஞ்சு உக்காருங்க" என்றேன்.

அடுத்த பத்து நிமிஷத்தில் பக்கத்து ஊர்ப் போட்டுகள் வந்தன. எங்கள் ஊர்க் கரைக்கு நேராக, எங்கள் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, வலையை விட்டார்கள். அவர்களில் ஒருவன் எங்களைப் பார்த்துக் கையை வேறு அசைத்தான். கல்யாணத்துக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பான்.

நானோ முதல் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினேன். நூற்று எழுபத்தாறு. அடுத்தவர், நூற்று எண்பத்திரண்டு. அதற்கு அடுத்தவர் எங்கள் அப்பா, அவர் எண்ணை மரியாதை கருதி இங்கே சொல்லவில்லை. யூசுப் என் காதருகே குனிந்தான்.

"மச்சான், மிஷின் பூட்ட கேஸ்னு நெனைக்கிறேன்."

அவன் கையிலேயே சுற்றிப் பார்த்தேன். நூற்றுப் பதினாறு. மிஷினில் குறையில்லை. (யூசுப் கடலுக்கு முதுகைக் காட்டி, படிவம் எழுதிக்கொண்டிருந்தான் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. அவன் அப்பா கரும்பாலைத் தொழிலாளி. மத்தி யார் வலைக்குப் போனால் அவனுக்கென்ன.) அப்படியென்றால் குறை ஊரில்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரிய கண்டுபிடிப்பு. நாட்டிலேயே இப்படி ஒரு ஊர் இருக்காது. என் கேள்வித்தாளில் நாற்பத்திரண்டு கேள்விகள். கழிப்பறை உண்டா, அடுப்பு எது, அண்ணன் தம்பி எத்தனை பேர் எல்லாம் இருந்தது. இப்போது உங்களுக்குக் கோபமா என்று ஒரு கேள்வி இல்லை.

மீன் ஓடியது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஓர் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆனால் அது கடல் சம்பந்தப்பட்டது, நான் செய்வது ஆராய்ச்சி என்று நினைத்துவிட்டேன்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. உப்பு. எங்கள் ஊரில் உப்பு எதில் ஜாஸ்தி? கருவாட்டில். பத்துப் பக்கம் எழுதினேன். கருவாட்டை ஊரின் எதிரி என்று ஓரிடத்தில் குறிப்பிட்டதாகவும் நினைவு. அந்தப் பத்துப் பக்கத்தை எழுதும்போது அம்மா கொடுத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆய்வை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கும் நாள் சிதம்பரத்தில் வந்தது. மாவட்டத்திலிருந்து ஒரு சுகாதார அதிகாரியும் வருகிறார் என்றதும் எனக்குத் தலை கால் தெரியவில்லை. மாமா, அப்பா, அம்மா மூன்று பேரையும் அழைத்தேன். தங்கை பிள்ளை மேடையில் பேசுவதைப் பார்க்க மாமா இஸ்திரி போட்ட வெள்ளையில் வந்தார். அம்மா கல்யாணப் பட்டில் வந்தார். சும்மா வரவில்லை. ஹேமலதா மேடத்துக்கு மரியாதை செய்ய, தன் கையால் காயவைத்த வஞ்சிரக் கருவாட்டை நாலு சுற்று பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அது ஏசி அறை. நாலு சுற்று போதவில்லை.

அந்த வாசனை சூழ நான் பேச எழுந்தேன். தலைப்பு திரையில் விழுந்தது. அதில் கருவாடு என்ற சொல் இருந்தது. அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நம்மைப் பற்றித்தான் என்று மாமாவிடம் பெருமையாகக் காட்டினார்.

நான் வரைபடங்களைக் காட்டினேன். ஒவ்வொரு பட்டையும் திரையின் தலையை முட்டியது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, இது சாதாரண விஷயமில்லை, கரையோர ஊர்களில் கருவாட்டுக்கு எதிராகப் பலகை வைக்கலாம், அடுத்த மாதமே தொடங்கலாம், சந்தைகளிலும் வைக்கலாம் என்றார். அரங்கம் கைதட்டியது. எனக்கு அரசாணை கண்முன் தெரிந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவர் தட்டவில்லை. மேசைமேலிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலூர்ச் சந்தையில் அவர் உட்காரும் இடத்துக்கு மேலேயே அந்தப் பலகையை மாட்ட முடியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாமா எழுந்தார். முதலில் வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"ஐயா, நான் படிக்காதவன். ஒன்னே ஒன்னு கேக்கறேன். உங்க சம்பளத்த உங்க கண்ணு முன்னால அடுத்த ஆபீஸ்காரன் அள்ளிக்கிட்டுப் போறான். எழுந்துக்கக் கூடாது, பேசக் கூடாதுன்னு உங்கள நாற்காலில உக்கார வச்சிருக்கோம். டீயும் கெடையாது. அப்ப வந்து உங்க கையில துணியச் சுத்துனா, அந்தப் பொட்டி என்னா காட்டும்?"

அதிகாரிக்குப் புரியவில்லை. மாமா அந்த வெள்ளிக்கிழமையை முழுவதுமாகச் சொன்னார். மத்தி வந்தது, பறவை விழுந்தது, பக்கத்து ஊர்க்காரன் கையசைத்தது, நாற்காலி எந்தத் திசையில் இருந்தது. எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி முன்வரிசைவரை வந்தது. யூசுப் முகத்தை மேசைக்கடியில் கொண்டுபோய்விட்டான்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "தம்பி, இது உண்மையா?"

சமாளிக்க எனக்கு வழி இருந்தது. 'சிறிய தாக்கம் இருந்திருக்கலாம்' என்ற மாதிரி நாலு நல்ல வாக்கியங்கள் படித்து வைத்திருந்தேன். சொல்லியிருந்தால் அன்று தப்பித்திருப்பேன், பட்டமும் அந்தப் பருவத்திலேயே வந்திருக்கும். அம்மா பொட்டலத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"உண்மை சார்," என்றேன்.

"அறிக்கையில ஏன் இல்ல?"

"கேள்வித்தாள்ல மீனுக்குக் கட்டம் இல்ல சார்."

அரங்கம் சிரிப்பில் இடிந்தது. மேடையிலிருந்து இறங்க மூன்று படிகள்தான். முந்நூறு மாதிரி இருந்தது. ஹேமலதா மேடம் மட்டும் சிரிக்காமல் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கருவாட்ட நான் எடுத்துட்டுப் போறேன். தீசிஸ நீ எடுத்துட்டுப் போ. திரும்ப அளந்துட்டு வா."

ஒரு பருவம் போனது. என்னோடு படித்தவர்கள் பட்டமளிப்பு உடையில் படம் எடுத்து அனுப்பியபோது நான் புதிய படிவத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. அவ்வளவு மீன் வந்தும் ஒருத்தர்கூட எழுந்து போகவில்லையே, ஏன் என்று கேட்டேன். கட்டுப்பாட்டுக்குப் பயந்தா என்றும் கேட்டேன். அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அதுக்கில்லடா. நீ மைக்குல கேட்டியே."

பஸ் பரங்கிப்பேட்டைப் பிரிவைத் தாண்டும்போது மடியிலிருந்த தீசிஸைப் பைக்குள் திணித்தேன். ஒரு ஊர் ஆண்கள் அத்தனை பேரும், டீ குடிக்காமல், போகிற மீனைப் பார்த்துக்கொண்டு, நான் அளந்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அவர்களுக்கு உப்பு ஜாஸ்தி என்று எழுதியிருக்கிறேன்.

திரும்ப அளந்தேன். இம்முறை மைக் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, வலை பின்னும் இடத்தில், வேலை முடிந்தவரை வேலை முடிந்த நேரத்தில். டீயும் பீடியும் முடித்து அரை மணி நேரம் கழித்து, புத்தகத்தில் உள்ளபடியே. பல நாள் ஆனது. ஊரின் பிரஷர் எல்லா ஊரையும்போலத்தான் இருந்தது. சிலருக்கு உண்மையாகவே ஏறியிருந்தது. அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அப்போதுதான் இன்னொரு ஓட்டை தெரிந்தது. தலைக்கட்டு என்று அளந்ததில் பெண்கள் ஒருத்தரும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிற அத்தனை பேரும் என் விஞ்ஞானத்துக்கு வெளியே. அவர்கள் சந்தையிலிருந்து திரும்பும் நேரத்துக்குப் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்தேன். முதலில் என் அம்மா கையை நீட்டினார். பெரிய டாக்டர் பிள்ளை என்று மற்றவர்களுக்குக் காட்டத்தான் நீட்டினார்.

நூற்று எண்பத்தாறு. மிஷினைத் தட்டிப் பார்த்தேன். அன்றும் உதவிக்கு வந்திருந்த யூசுப்பைப் பார்த்தேன். அம்மாவை உட்காரவைத்து மறுபடி அளந்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்த்தேன். கடலில் மீனும் இல்லை, கோபமும் இல்லை. எண் இறங்கவில்லை. அம்மா தலைவலியைப் பஸ் வெயில் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ வருஷத்தை ஓட்டியிருக்கிறார். இப்போது தினமும் மாத்திரை போடுகிறார். கருவாடு விற்கிறார், தன் தட்டில் மட்டும் ஒரு துண்டுதான். அந்த ஒரு துண்டுக்கு என்னிடம் மூன்று நாள் பேரம் பேசினார்.

ஆய்வேட்டில் முதல் அத்தியாயமே அந்த வெள்ளிக்கிழமைதான். நாற்காலிகளின் திசையைப் படம் வரைந்து பாகம் குறித்திருந்தேன். அதே சுகாதார அதிகாரி அதைப் படித்துவிட்டு, காலை பத்து மணிக்கு ஆளில்லாத ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்த நர்சம்மாவை நாலு மணிக்கு மாற்றினார். என் படிப்பால் விளைந்த ஒரே அரசாணை அதுதான். ஒரு தாளில் நாலு வரி. லேமினேட் செய்து வீட்டில் மாட்டியிருக்கிறேன். இப்போது கடலூரில் இதே அளக்கும் வேலையில்தான் இருக்கிறேன்.

ஊரும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. படித்தவர் யார் வந்து ஊரை அளப்பதென்றாலும், முதலில் தொழிலுக்குப் போகும் மூன்று பேரிடமும் மீன் விற்கும் இரண்டு பெண்களிடமும் கேட்டு ஒப்புதல் வாங்கவேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கென்று குழு இருக்கும். எங்கள் ஊரிலும் இருக்கிறது. அதன் இரண்டு பெண்களில் ஒருவர் என் அம்மா. இதைச் சொல்லும்போது எனக்கு மார்பு கொஞ்சம் விரியத்தான் செய்கிறது.

போன மாதம் சிதம்பரத்திலிருந்து ஒரு மாணவி ஒப்புதல் கேட்டு வந்தாள். மாமா அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னார். அரங்கில் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன அதே மாமா, இப்போது மத்தியோடு வஞ்சிரத்தையும் ஓடவிடுகிறார், பிரஷர் பொட்டி வெடித்ததாகவும் முடிக்கிறார். நான் பக்கத்தில் நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை. அந்தப் பெண் பயந்துபோய், தான் எதை எழுதக் கூடாது என்று கேட்டாள்.

அம்மா அவள் கையில் டம்ளரைக் கொடுத்தார்.

"எத வேணா எழுதும்மா. கருவாட்டப் பத்திகூட எழுது. ஆனா நாலு மணிக்கு மேல வந்து, எங்கள உக்கார வச்சு, மூனு நாள் அளந்துட்டு எழுது."